நாணயப் பெட்டியில் கை வைக்காதீர்கள்

கேள்வி: கிள்ளானில் சுயசேவை டோபி கடை நடத்துகிறேன். தினமும் 38 பேர் வருகிறார்கள். துவைக்க 5 ரிங்கிட், உலர்த்த 5. இயந்திரக் கடன் தவணை 4,200, வாடகை 2,500, மின்சாரம்-தண்ணீர்-கேஸ் 2,600, சுத்தம் செய்பவருக்கு 600. வீட்டுச் செலவுக்கு தினமும் 50 எடுப்பேன். கடனுக்கு ஜாமீன் போட்ட அண்ணனுக்கு மாதம் 500. ஒரு வருடமாகத் தவணைக்குக் கடன் அட்டையில் ரொக்கம் எடுக்கிறேன். டிசம்பர் மழையில் டிரையருக்கு வரிசை நின்றதைப் பார்த்த அண்ணன், இரண்டாவது கடை போடச் சொல்கிறார். சேமநிதியில் (EPF) எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் 7,000 இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுங்கள், ஆனால் இரண்டாவது கடைக்கு அல்ல.

உங்கள் கடை நஷ்டத்தில் ஓடவில்லை. மாத வரவு 11,400, செலவு 9,900, மிச்சம் 1,500. நீங்கள் எடுப்பதோ 2,000. பெட்டியைத் திறந்து டோக்கனைத் திரும்ப நிரப்பும்போது, கூடவே ஐம்பதையும் சட்டைப்பைக்குள் போடுகிறீர்களே, அதுவும் அண்ணனின் ஐந்நூறும்தான் அட்டையில் போய் நிற்கின்றன. மாதம் 500 வீதம் ஒரு வருடத்தில் 6,000. ரொக்க முன்பணத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 5 சதவீதக் கட்டணம். எல்லாம் சேர்த்து இப்போது 6,800 பக்கம் வந்திருக்கும்.

சேமநிதி 2024க்குக் கொடுத்த லாப ஈவு 6.30 சதவீதம். 18 கட்டிக்கொண்டு 6.30க்குப் பணத்தைப் போட்டு வைப்பதில் அர்த்தமில்லை. அந்த 7,000த்தில் அட்டையை அடைத்து, ரொக்கம் எடுக்கும் வசதியையும் வங்கியில் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் பெட்டி. வாரத்துக்கு இரண்டு தடவை திறந்து, முழுவதையும் கடைக் கணக்கில் போடுங்கள். மாதம் 1,100 உங்கள் சம்பளம். மீதி 400ஐத் தொடாதீர்கள். டிரையர் பெல்ட் அறுந்தால் அதற்கு வேண்டும். 1,100 வீட்டுக்குப் போதாது என்றால் கடை இன்னும் உங்களைத் தாங்கும் அளவுக்கு வளரவில்லை. பகலில் வேறு வேலை பாருங்கள், ஆளில்லாமல் ஓடும் கடைதானே.

இரண்டாவது கடையா? அண்ணன் கணக்குப் போட்டது மழைக்காலக் கூட்டத்தை வைத்து. வெயில் மாதத்தில் பால்கனியில் கொடி கட்டுகிறவர்கள் உலர்த்த 5 ரிங்கிட் கொடுக்க மாட்டார்கள். ஒரு கடைக்கு தினமும் 33 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. அதே வரிசையில் இன்னொருவர் கடை திறந்தால் அதுவும் போச்சு. கைப்பேசிச் செயலி, 'தூங்கும்போதே வருமானம்' என்று கடையை விற்கவருபவரிடம், வெயில் மாதக் கேஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்; டிரையர் எவ்வளவு ஓடியது என்று அதில் தெரிந்துவிடும்.

ஜாமீன் போட்டது உதவிதான், மறுக்கவில்லை. அதற்கு மாதாமாதம் 500 கொடுத்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள், மனைவிக்குத் தெரிந்து.