டாக்டரிடம் கேளுங்கள்: வலிப்பு மாநாட்டுக்குப் பிறகு வந்த கடிதங்கள்

கோலாலம்பூரில் நடந்த வலிப்பு நோய் மருத்துவ மாநாட்டைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். இந்த வட்டாரத்து நாடுகளிலிருந்து நரம்பியல் நிபுணர்கள் வந்திருந்தார்கள். செந்தூலில் கிளினிக் வைத்திருக்கும் என்னைப் போன்ற குடும்ப மருத்துவர்களும் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டோம். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலர் பெயர் போடவில்லை. பரவாயில்லை, கேட்டீர்களே, அது போதும். இந்த முறை பக்கம் முழுவதும் வலிப்புக்குத்தான்.

கேள்வி: என் தம்பிக்கு 20 வருடமாக வலிப்பு. 3 வகை மாத்திரை சாப்பிடுகிறான். அப்படியும் மாதத்தில் 2, 3 முறை வந்துவிடுகிறது. மாநாட்டில் அவனுக்கென்று ஏதாவது புதிதாகச் சொன்னார்களா?
*வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்*

பதில்: சொன்னார்கள் ஐயா. உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்காகத்தான் அங்கே நிறைய நேரம் ஒதுக்கினார்கள்.

சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மிச்சமுள்ளவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. நோய்க்குப் பொருத்தமான 2 மருந்துகளைத் தேவையான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. இது அனைத்துலக அளவில் 2010-இல் வகுத்த வரையறை. அதற்கு மேல் 3-ஆவது, 4-ஆவது மருந்து வலிப்பை முழுதாக நிறுத்தும் வாய்ப்பு குறைவு. ஆகவே 2 மருந்து தோற்றவுடனே வலிப்புச் சிறப்பு மருத்துவரிடம் போயாக வேண்டும். நம் ஊரில் பலர் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றி வாழ்க்கையைக் கடத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

அங்கே போனால் என்ன செய்வார்கள்? மருத்துவமனையில் சில நாள் தங்க வைத்து, மூளை அலைகளையும் காணொளியையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். வலிப்புக்கென்றே நுணுக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். மூளையின் ஒரே இடத்திலிருந்து வலிப்பு கிளம்புகிறது, அந்த இடத்தை எடுத்தால் பேச்சுக்கோ நினைவுக்கோ பெரிய பாதிப்பு வராது என்று உறுதியானால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். 2001-இல் கனடாவில் ஓர் ஆய்வு வந்தது. பக்கவாட்டு மூளை மடலிலிருந்து வலிப்பு வந்த 80 பேரை 2 குழுவாகப் பிரித்தார்கள். அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வான குழுவில் ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் 58 விழுக்காடு. மருந்தை மட்டும் தொடர்ந்த குழுவில் 8 விழுக்காடு. இது அன்றே தெரிந்த விஷயம், இன்னும் பலரிடம் போய்ச் சேரவில்லை.

அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் ஒத்துவராது. கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி, சில குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு முறை, செனோபமேட் போன்ற புதிய மருந்துகள் என்று வேறு வழிகளும் உண்டு. தம்பி எத்தனை வேளை மாத்திரையை விட்டுவிடுகிறார், இரவில் தூங்குகிறாரா, குடிக்கிறாரா என்பதை முதலில் மறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம், "இவனை வலிப்பு அறுவைச் சிகிச்சைக்கு மதிப்பீடு செய்ய அனுப்ப முடியுமா?" என்று நேராகவே கேளுங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது. நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கேள்வி: என் மகள் படிவம் 4 படிக்கிறாள். காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறுகிறது, மைலோ குவளையைக் கீழே போட்டுவிடுகிறாள். கவனம் இல்லை என்று நானும் திட்டினேன், ஆசிரியரும் திட்டினார். போன மாதம் குளியலறையில் விழுந்து கை கால் இழுத்தது. மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தோம், சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.
*தாய், பட்டர்வொர்த்*

பதில்: அம்மா, குவளை விழுவது அவள் குற்றம் இல்லை. இதை இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய மாட்டேன். ஆனால் பருவ வயதில் தொடங்கி, காலையில் எழுந்தவுடன் கைகளை உதறச் செய்து, தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பாக வரும் ஒரு வகை உண்டு. நீங்கள் எழுதியிருப்பது அதைப் போலவே இருக்கிறது. இந்த வகையில் இருப்பவர்கள் பெரிய வலிப்பைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் சொல்வார்கள், கை உதறலைச் சொல்லவே மாட்டார்கள். அது தனி விஷயம் என்று நினைத்துக்கொள்வார்கள். இதில் ஆபத்து இருக்கிறது. மற்ற வலிப்புக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமசிபின் இந்த உதறலை அதிகமாக்கிவிடலாம். அதனால் குவளை விழும் கதையை முதலில் சொல்லுங்கள், குளியலறை கதையை அப்புறம் சொல்லுங்கள்.

இ.இ.ஜி. ஒரு முறை சரியாக இருந்தால் வலிப்பே இல்லை என்று பொருள் கிடையாது. சாதாரணப் பதிவு 20, 30 நிமிடம்தான். அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் கோடுகளும் அமைதியாகவே இருக்கும். தூக்கத்தைக் குறைத்துவிட்டு எடுக்கும் பதிவு, தூங்கும்போது எடுக்கும் பதிவு என்று வேறு முறைகளும் உண்டு. மறுபடி எடுக்கலாமா என்று கேளுங்கள்.

மாநாட்டில் ஒரு நிபுணர் வரிசையாகக் காணொளிகளைப் போட்டுக் காட்டி, இது வலிப்பா, மயக்கமா, மனப் பதற்றமா என்று அரங்கத்தைக் கேட்டார். மருத்துவர்களே ஆளுக்கொரு பக்கம் கை தூக்கினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று விளக்கினார்: கண் திறந்திருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, முதலில் எந்தக் கை ஆடுகிறது. வீட்டார் கைப்பேசியில் எடுத்த காட்சிகள்தான் அத்தனையும். நீங்களும் எடுங்கள். ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் முகமும் உடம்பும் முழுதாகத் தெரியும்படி எடுக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வருகிறதா என்பதும் பதிவாகும். காலை நேரத்து உதறலை இரண்டு மூன்று நாள் பிடித்துக் காட்டினால் போதும்.

எஸ்.பி.எம். தேர்வு வருகிறது என்று அவளை நள்ளிரவு தாண்டி உட்கார வைக்காதீர்கள். இந்த வகை வலிப்பில் தூக்கமும் மருந்தில் ஒரு பாதி.

கேள்வி: காய்ச்சலில் பேரனுக்கு வலிப்பு வந்தது. நான் கையில் சாவியைக் கொடுத்தேன், பல் கிட்டாமல் இருக்கக் கரண்டி வைக்கப் போனேன். மகள் தடுத்துவிட்டாள். கைப்பிள்ளைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவதும் தப்பு என்கிறாள். நாங்கள் அப்படித்தானே வளர்த்தோம்?
*பாட்டி, செந்தூல்*

பதில்: பாட்டி, நீங்கள் பதறிப்போய் பேரனைக் காப்பாற்றத்தான் ஓடினீர்கள். ஆனால் மகள் சொல்வது சரி.

பெரும்பாலான வலிப்பு சில நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் சாவி இருந்தால், சாவிதான் நிறுத்தியது என்று தோன்றும். சாவியால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. கரண்டி அப்படி இல்லை. பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக் குழாயில் போகும். நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பதெல்லாம் நடக்காது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ, மூச்சு சீராகாவிட்டாலோ 999-க்கு அழையுங்கள். முழுதாகத் தெளியும் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் வலிப்பு 6 மாதத்திலிருந்து 5 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு வருவதுதான். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வருவதில்லை. ஆனாலும் முதல் முறை வந்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், காய்ச்சலுக்கு என்ன காரணம் என்று பார்க்க வேண்டும்.

வேப்பெண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 1981-இல் நம் கோலாலம்பூர் மருத்துவர்கள் லான்செட் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். வேப்பெண்ணெய் புகட்டிய கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மருத்துவமனைக்கு வந்ததைப் பதிவு செய்தார்கள். மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருந்தன. அதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடந்தது பாட்டி. வேப்பிலை வாசலில் இருக்கட்டும், எண்ணெய் பிள்ளையின் வாய்க்குள் போகவே கூடாது. சூடம் கலந்த எதையும் அப்படியே தள்ளி வையுங்கள். சூடம் வயிற்றுக்குள் போனால் வலிப்பைக் கிளப்பும்.

கேள்வி: வலிப்பு வரும்போது வழியும் எச்சில் பட்டால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா?
*மாணவர், கோலாலம்பூர்*

பதில்: ஒட்டாது தம்பி. நண்பன் விழுந்தால் தயங்காமல் கிட்டே போ.

கேள்வி: எனக்கு வயது 27. கடைசியாக வலிப்பு வந்து 8 மாதம் ஆகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டுதல். விரத நாளில் மாத்திரை சாப்பிடலாமா?
*வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு*

பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். மாத்திரையும் அதை விழுங்கத் தண்ணீரும் விரதத்தைக் கெடுக்காது. சந்தேகம் இருந்தால் கோயில் குருக்களிடமே கேளுங்கள்.

அலகு குத்திக் காவடி எடுப்பதை மட்டும் இந்த ஆண்டு தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள் இரவு தூக்கம் இருக்காது. வெயில், பசி, நீர் வற்றுதல் எல்லாம் சேரும். மேலே 513 படி. கன்னத்தில் வேலும் முதுகில் கொக்கியும் இருக்கும்போது படியில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கூட்டத்தில் நீங்கள் உடம்பு முறுக்கி விழுந்தால், அருள் வந்திருக்கிறது என்று சுற்றியுள்ளவர்கள் வேல் வேல் என்று முழங்கிக்கொண்டு நிற்பார்கள். யாரும் உங்களை ஒருக்களித்துப் படுக்க வைக்க மாட்டார்கள், யாரும் மணி பார்க்க மாட்டார்கள்.

இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, மாத்திரை சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் பால்குடம் எடுங்கள். உங்கள் நிலைமை தெரிந்த 2 பேர் பக்கத்தில் நடக்கட்டும். அதற்கும் முன்பு உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 26 வயது. 8 வருடமாக வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள், வலிப்பு கட்டுக்குள் இருக்கிறது. வரன் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல், கல்யாணத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் என் அண்ணி.
*பெயர் வேண்டாம், கோலாலம்பூர்*

பதில்: நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

ஆனால் இந்த மருந்தைப் பற்றி உடனே பேசியாக வேண்டும். கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் ஏறக்குறைய 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. 30 முதல் 40 விழுக்காடு குழந்தைகளுக்குப் பேச்சிலோ கற்றலிலோ நடத்தையிலோ பின்னடைவு வரலாம். லமோட்ரிஜின், லெவெடிராசிடம் ஆகியவற்றில் இந்த ஆபத்து மிகக் குறைவு. மாற்றுவதற்குப் பல மாதம் பிடிக்கும். ஆகவே மண்டபம் பதிவு செய்வதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மாற்றி முடியும் வரை கருத்தடை வேண்டும், ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்குவது என்றும் கேளுங்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளையே பெறுகிறார்கள். திட்டமிட்டுப் பெற வேண்டும், அவ்வளவுதான்.

இனி மாப்பிள்ளை வீட்டு விஷயம். சொல்லிவிடுங்கள் அம்மா. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்கள் என் கிளினிக்குக்கு வருகிறார்கள். மாத்திரையை அரிசி டின்னில் ஒளித்து வைக்கிறார்கள், மாமியார் சமையலறையில் இருந்தால் அந்த வேளையை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் இரவில் வலிப்பு வருகிறது, பக்கத்தில் இருக்கும் கணவனுக்கு என்ன செய்வது என்றே தெரிவதில்லை. உங்கள் மகளே அந்தப் பையனிடம் நேரில் சொல்லட்டும். முடிந்தால் இருவருமாக ஒரு முறை மருத்துவரைப் பார்க்கட்டும். சொன்னதும் விலகிப்போகிற குடும்பத்தில் அவள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்க முடியாது.

கேள்வி: என் கணவருக்கு வலிப்புக்குக் கார்பமசிபின் கொடுத்தார்கள். 2 வாரத்தில் காய்ச்சல், வாயெல்லாம் புண், தோல் உரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்ப் பிழைத்து வந்தார். முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. நாத்தனார் மகன் இதே மருந்தை 3 வருடமாகச் சாப்பிடுகிறான். அவனும் நிறுத்த வேண்டுமா?
*வாசகி, கிள்ளான்*

பதில்: பெரிய கண்டத்தைத் தாண்டி வந்திருக்கிறீர்கள் சகோதரி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

மாநாட்டில் நம் ஆசிய நாட்டு மருத்துவர்கள் இதைப் பற்றி நிறையப் பேசினார்கள். எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்குக் கார்பமசிபின் இப்படிப்பட்ட தோல் பாதிப்பை உண்டாக்கும் ஆபத்து மிக அதிகம். தைவான் ஆய்வாளர்கள் 2004-இல் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தார்கள். சீனர், மலாய்க்காரர், தாய்லாந்து மக்களிடம் இந்த வகை அதிகம். இந்தியர்களிடமும் உண்டு, அதனால் நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கார்பமசிபினைப் புதிதாகத் தொடங்குபவர்கள், முதல் மாத்திரைக்கு முன்பே இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் முதல் சில மாதம் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் தடிப்பு எது வந்தாலும் மருந்துப் பெட்டியோடு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

நாத்தனார் மகன் 3 வருடமாகத் தொல்லையில்லாமல் சாப்பிடுகிறான் என்றால் பயப்பட வேண்டாம். ஆபத்து பெரும்பாலும் முதல் 2, 3 மாதத்தில்தான். அவன் திடீரென நிறுத்தினால்தான் கெடுதல். அடுத்த முறை போகும்போது குடும்பத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

உங்கள் கணவர் இனி எந்தக் காலத்திலும் கார்பமசிபினைத் தொடக் கூடாது. அதே வழியில் பாதிக்கக்கூடிய ஆக்ஸ்கார்பசிபின், ஃபெனிடாயின் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மருந்து நரம்பு வலிக்கும் கொடுக்கப்படுவதால், வேறு கிளினிக்கில் வேறு காரணத்துக்காக எழுதிவிடலாம். மருந்தின் பெயரை ஓர் அட்டையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அடையாள அட்டைக்குப் பின்னால் சொருகி வைக்கச் சொல்லுங்கள். மருந்தகத்தில் கேட்டால் அவர்களே ஒவ்வாமை அட்டை எழுதித் தருவார்கள்.