மோன் பிளாங் சுற்றுப்பாதை: ஏறுவதற்கல்ல, இறங்குவதற்குப் பழகுங்கள்

கேள்வி: வரும் ஜூலையில் நானும் மனைவியும் மோன் பிளாங் மலையைச் சுற்றி 11 நாள் நடக்கப் போகிறோம். இரவில் மலைக்குடில்களில் தங்குவோம். இருவரும் சைவம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறோம், அது போதுமா?

பதில்: போதாது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகச் செல்லும் இந்தப் பாதை சுமார் 170 கி.மீ. மொத்த ஏற்றம் ஏறக்குறைய 10,000 மீட்டர். நாளுக்கு 15 கி.மீ. நடந்து, 900 மீட்டர் ஏறி, அவ்வளவும் இறங்க வேண்டும். மாடிக்கு 3 மீட்டர் என்றால் 300 மாடி!

ஏற்றத்தை நின்று நின்றாவது சமாளித்துவிடலாம். இறக்கம்தான் ஆளை முடக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. பழகாத தசை என்றால் வலி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், அப்போது நீங்கள் ஏதோ ஒரு கணவாயின் நடுவில் இருப்பீர்கள். எனவே 12 வாரம் முன்பே மாடிப்படிப் பயிற்சியைத் தொடங்குங்கள். வாரம் இருமுறை, 30 மாடியில் ஆரம்பித்து 120 வரை. கீழே வர லிஃப்ட் கூடாது. பாதிக் காலம் கடந்ததும் முதுகில் 4 கிலோ, பிறகு 7 கிலோ. கடைசி மாதத்தில் இரண்டு வார இறுதிகளிலாவது சனி, ஞாயிறு அடுத்தடுத்து 5 மணி நேரம் நடங்கள். களைத்த காலோடு மறுநாள் கிளம்பும் பழக்கம் அப்போதுதான் வரும். கடைசி வாரம் ஓய்வு.

ஷூவை அரை அளவு பெரிதாக, மாலையில் கால் வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். சரியான அளவு வாங்கினால் இறக்கத்தில் விரல் நுனி இடித்து நகம் கறுக்கும். ஊன்றுகோலை ஏறும்போது குறுக்கி, இறங்கும்போது 5 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள்.

பை தண்ணீரோடு 8 கிலோவைத் தாண்ட வேண்டாம். குடிலில் கம்பளி, தலையணை உண்டு. உள்ளே புகுந்து தூங்கும் மெல்லிய துணி உறை மட்டும் உங்களுடையது. அநேகமாக எங்கும் அது கட்டாயம். உடை இரண்டு செட், காலுறை மூன்று ஜோடி. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது.

குடில்கள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். போனாத்தி, எலிசபெத்தா போல அருகில் மாற்று இடம் குறைவான குடில்களை முதலில் பிடித்து, மற்ற நாட்களை அவற்றுக்கேற்ப அமையுங்கள். சைவம் என்பதை முன்பதிவிலும் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள். முட்டை, பாலாடைக்கட்டி வரலாம். ரொக்க யூரோ வைத்திருங்கள், எல்லாக் குடிலிலும் அட்டை செல்லாது.

பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். காலை 7 மணிக்குக் கிளம்பி நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிடுங்கள். ஜூலைத் தொடக்கத்தில் 2,665 மீட்டர் உயரமுள்ள ஃபூர், ஆர்பெத் கணவாய்களில் பனி மிச்சமிருக்கலாம். இரண்டுக்குமே தாழ்வான மாற்று வழி உண்டு, முந்தைய இரவு குடில் பொறுப்பாளரைக் கேட்டு முடிவெடுங்கள். வராமல் போவதானால் குடிலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் காணாமல் போனதாக எண்ணித் தேட நேரிடும்.

ஷெங்கன் விசாவுக்கான காப்பீடு 30,000 யூரோ மருத்துவச் செலவைக் காட்டினால் போதும். ஆனால் மலையேற்றமும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று பாலிசியைத் திறந்து படித்துப் பாருங்கள். சுவிஸ் பகுதியில் மீட்புக்கான கட்டணம் உங்கள் தலையில்தான் விழும்.