‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிற டீலரிடம் வேன் வாங்கலாமா?

கேள்வி: டூரிஸ்ட் டிரிப் ஓட்டலாம் என்று ஒரு டீலரிடம் 2016 மாடல் ஃபோர்ஸ் டிராவலர் பார்த்திருக்கிறேன், மஞ்சள் போர்டு. ‘இன்ஜின் பக்கா, எஃப்.சி. (தகுதிச் சான்று) கரன்ட்ல இருக்கு, நாளைக்குள்ள ஐம்பதாயிரம் அட்வான்ஸ் போடுங்க, பேர் மாத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறார். போடலாமா? - ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இன்ஜின் பக்கா என்று சொல்லாத டீலரை நான் பார்த்ததே இல்லை, அதை விடுங்கள். எனக்கு உறுத்துவது அந்த ‘அப்புறம்’தான். என் மச்சான் இப்படித்தான் ஒரு வேனை ஓட்டி வந்தார். பழைய ஓனர் கடனை அடைத்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது கடனுக்கான அடமானப் பதிவு, கேன்சல் ஆகவில்லை, ஆளும் ஊர் மாறிவிட்டார். ஒரு கையெழுத்துக்காக ஏழு மாதம் வண்டி ஷெட்டில் நின்றது.

அதனால் பேர் மாத்துவதற்கு ஓனர் கையெழுத்திட்ட ஃபார்ம் 29, 30, கடன் இருந்திருந்தால் ஹெச்.பி.யை நீக்கும் ஃபார்ம் 35-உம் ‘ஆட்சேபணை இல்லை’ என்கிற பேங்க் என்.ஓ.சி.யும் கைக்கு வந்த பிறகுதான் பணம். பழைய வண்டி டீலருக்கு 2023 ஏப்ரலிலிருந்து ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வேண்டும், அதையும் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் கிளம்பிவிடலாம். எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய மஞ்சள் போர்டுக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்டணும், ‘கரன்ட்ல இருக்கு’ என்பது இன்னும் ஒரே மாதம் என்றும் இருக்கலாம். அப்படியானால் அடுத்த எஃப்.சி.க்கு ஆகும் டிங்கரிங், பெயின்ட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். டேக்ஸ் பாக்கி, சலான் பாக்கியும் அப்படியே.

சரி, வண்டி. காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள், முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டார்கள், இன்னொரு நாள் வரலாம். ஆறிய இன்ஜினை எடுக்கும்போது நீலப் புகை வந்து நிற்காமல் போனால் ஆயில் எரிகிறது. அப்புறம் கடைசி சீட்டுக்கு அடியில் மேட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்துங்கள். துருவுக்கு மேல் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் பொத்தென்று உள்ளே போகும். டயரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது, டயர் பட்டன் தேயாமல் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கிழம்தான்.

மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள், டீலர் கைகாட்டும் ஆள் வேண்டாம். ஒரு நாள் கூலியை வண்டி பார்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.