அமெரிக்காவில் ஒரு கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியை) பேரிடர்ப் பகுதியாக அறிவித்தால், விவசாயிக்குப் பணம் தானாக வந்துவிடுமா?

வராது. வேளாண் அமைச்சரின் அந்த அறிவிப்பு திறந்துவிடுவது முக்கியமாக அவசரக் கடன். அறிவித்த நாளிலிருந்து 8 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் கவுண்டிக்காரர்களும் கேட்கலாம். ஆனால் அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். இதை நிவாரணம் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

திருப்பித் தர வேண்டாத உதவிகள் தனி. கால்நடை செத்தால் எல்.ஐ.பி. எனும் கால்நடை இழப்பீட்டுத் திட்டம்: புயல், வெள்ளம், கடுங்குளிர் போன்றவற்றில் வழக்கமான இறப்பைவிடக் கூடுதலாக இறந்தவற்றுக்குச் சராசரிச் சந்தை விலையில் 75%. புதைப்பதற்கு முன் காதுப் பட்டை எண் தெரியும்படி, தேதியோடு படம் எடுங்கள். பேரிடருக்கு முன்னால் எத்தனை மாடு இருந்தது என்பதற்கும் கொள்முதல் ரசீதோ கடன் பத்திரமோ வேண்டும். பலர் சிக்குவது இங்கேதான்: செத்ததைக் காட்ட முடிகிறது, இருந்ததைக் காட்ட முடிவதில்லை.

பயிர்க் காப்பீடு கிடைக்காத காய்கறி, தீவனப் பயிர்களுக்கு நேப் (NAP) எனும் உதவித் திட்டம். இதில் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். கட்டணம் ஒரு பயிருக்கு 325 டாலர், ஒரு கவுண்டியில் அதிகபட்சம் 825. அடிப்படைத் திட்டத்தில் விளைச்சல் பாதிக்கு மேல் போனால்தான் பணம், அதுவும் விலையில் 55%. சேதம் தெரிந்த 15 நாளுக்குள் கவுண்டியில் உள்ள எஃப்.எஸ்.ஏ. (வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை) அலுவலகத்தில் 576ஆம் படிவம் கொடுக்க வேண்டும். கையால் பறிக்கும் பயிர் என்றால் 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஆலங்கட்டி மழையில் கிழிந்த பூசணிக் கொடியை, அலுவலர் பார்த்து அனுமதி தருவதற்கு முன் தயவுசெய்து உழுதுவிடாதீர்கள்.

பயிருக்கு உதவி கேட்பதென்றால் பயிர்ப் பரப்பு அறிக்கை, அதாவது 578ஆம் படிவம், முதலில் சரியாக இருக்கட்டும்.