எந்த இடத்துக்கு எந்தப் பலகை? கேள்வி பதில்

வீட்டு மரவேலைக்குப் பலகை வாங்குவது பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். கடையில் போய் “எது நல்ல பலகை?” என்று மட்டும் கேட்காதீர்கள், விலை கூடினதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். தண்ணீர் படுமா, எவ்வளவு எடை ஏறும், எத்தனை அடி நீளம் என்று சொல்லிக் கேளுங்கள்.

கிச்சன் முழுக்க 710 பிளைவுட்தான் போட வேண்டும் என்கிறார் ஆசாரி. 303 போதாதா சார்? (மதுரை)

முழுக்கத் தேவையில்லை. இவை இந்தியத் தர எண்கள். ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட், 303 சாதாரண உபயோகத்துக்கான பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கு வைக்கும் சோதனை. 303 என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். எம்ஆரா (ஈரம் தாங்குவது), பிடபிள்யூஆரா (கொதிநீர் தாங்குவது) என்று கேட்க வேண்டும். எம்ஆரில் யூரியா பசை. காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. பிடபிள்யூஆரில் ஃபீனால் பசை, 710லும் அதேதான்.

சிங்குக்குக் கீழே 710 போடுங்கள், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். மற்ற அடிப்பெட்டிகளுக்கு பிடபிள்யூஆர் போதும். படுக்கையறை அலமாரிக்கு எம்ஆர் தாராளம், அந்தச் சுவரில் ஓதம் இல்லாத வரை. மிச்சமாகும் பணத்தை நல்ல கீல்களில் போடுங்கள்.

710 என்று முத்திரை குத்திப் போலி வருகிறதாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலம்)

வருகிறது. ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கான உரிமம் என்று தெரிந்துவிடும். அதுவும் நம்பிக்கை தரவில்லையா, ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி அடுப்பில் கொதிக்க விடுங்கள். யூரியா பசை என்றால் சில மணி நேரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்து வந்துவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பாக இருந்தால் குர்ஜன் என்ற உறுதியான மரம் என்பார்கள். 2014இல் மியான்மர் மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து அசல் குர்ஜன் கிடைப்பது குறைந்துவிட்டது. சாயம் போட்டுச் சிவப்பாக்குவது சுலபம். விளிம்பைப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே ஓட்டை, ஒன்றின் மேல் ஒன்று ஏறின இடம் இருந்தால் அந்த ஷீட்டை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

அண்ணே, ஏழடி உயர வார்ட்ரோப் கதவு ஒரே வருஷத்தில் வில் மாதிரி வளைந்துவிட்டது. பிளைவுட் மட்டமா? (திருச்சி)

பிளைவுட்டை மட்டும் குறை சொல்ல முடியாது தம்பி. வெளிப்பக்கம் மைக்கா (லேமினேட் ஷீட்) ஒட்டி, உள்பக்கம் வெறும் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு பக்கம் ஈரம் ஏறும், மறுபக்கம் ஏறாது. கதவு வளையத்தான் செய்யும். உள்ளேயும் மெல்லிய மைக்கா ஒட்டியே ஆக வேண்டும்.

இன்னொன்று, உயரமான கதவுக்கு பிளாக் போர்டு நல்லது. நடுவில் மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கி, இரு பக்கமும் ஏடு ஒட்டியது அது. எடை குறைவு, நேராக நிற்கும். ஆனால் உள்ளே இருக்கும் சட்டங்கள் கதவின் உயரத்தோடு ஓட வேண்டும். ஷீட்டை மிச்சம் பிடிக்கக் குறுக்கே வெட்டினால் அந்தப் பலன் போச்சு. வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

எம்டிஎஃப், எச்டிஎச்எம்ஆர் இரண்டில் எது? (கோவை)

இரண்டும் மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகைகள். பெயின்ட் அடிக்கும் கதவு, பூ வேலை குடைந்த ஷட்டர் என்றால் எம்டிஎஃப்தான். பிளைவுட்டில் பெயின்ட் அடித்தால் நாளடைவில் மரக்கோடு மேலே தெரியும். எம்டிஎஃப்பில் கண்ணாடி மாதிரி வரும். வெட்டின ஓரம் மட்டும் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், இரண்டு முறை ப்ரைமர் கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறினால் ஊதிவிடும், ஊதினது பிறகு இறங்காது. எச்டிஎச்எம்ஆர் அதைவிட அடர்த்தி. ஈரத்தையும் ஸ்க்ரூவையும் கூடுதலாகத் தாங்கும். அதற்காக வாட்டர்ப்ரூஃப் என்று விற்றால் நம்பாதீர்கள்.

நான்கடி அகலப் புத்தக அலமாரி, தட்டுகள் தொய்ந்துவிட்டன. 25 மி.மீ. போட்டால் சரியாகுமா? (புதுச்சேரி)

ஓரளவு. கனம் கூடினால் விறைப்பு அதன் மூன்றாம் அடுக்காகக் கூடும்; 18 மி.மீ.க்குப் பதில் 25 போட்டால் இரண்டரை மடங்குக்கு மேல். ஆனால் நீளம் அதைவிடப் பொல்லாதது. புத்தகம் நிரம்பிய தட்டின் நீளம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. அதனால் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை வைத்து இரண்டிரண்டு அடியாகப் பிரித்துவிடுங்கள், 18 மி.மீ. பிளைவுட்டே போதும். பிரிக்க மனமில்லை என்றால் தட்டின் முன் விளிம்பில் ஒன்றரை அங்குலத் தேக்குச் சட்டத்தை நிமிர்த்தி ஒட்டச் சொல்லுங்கள். மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டில் புத்தக அலமாரியே வேண்டாம்.

பிவிசி போர்டுக்குக் கரையானும் வராது, தண்ணீரும் ஒன்றும் செய்யாது என்கிறார்கள். எல்லாவற்றையும் அதிலேயே செய்துவிடலாமா? (தூத்துக்குடி)

சொல்வது உண்மைதான். குளியலறைக்கு அருமையான பொருள். ஆனால் எடை வைத்தால் தொய்யும், கீல் ஸ்க்ரூ லூஸாகும், அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டில் இளகும். பரணுக்கும் பெரிய வார்ட்ரோபுக்கும் வேண்டாம்.

கைக்குழந்தை இருக்கிற அறை. புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது. (ஓசூர்)

யூரியா பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம். சூடும் ஈரமும் கூடினால் அதுவும் கூடும். கதவுகளைத் திறந்து போட்டு, ஜன்னலையும் திறந்து காற்றாட விடுங்கள். நெடி அடங்கும்வரை குழந்தையை வேறு அறையில் படுக்க வையுங்கள் அம்மா. மைக்கா ஒட்டாத ஓரங்கள், கீலுக்குத் துளைத்த குழிகள், பின்பலகை எல்லாவற்றையும் சீல் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை ஃபார்மால்டிஹைடு குறைவாக விடும் இ1 அல்லது இ0 ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

வேளச்சேரியில் தரைத்தளம். 2015லும் 2023லும் தண்ணீர் உள்ளே வந்தது. இனி என்ன போடுவது?

முழங்கால் உயரத் தண்ணீருக்கு எந்தப் பலகையும் உத்தரவாதம் இல்லை. 710 நனைந்தாலும் காய்ந்து பெரும்பாலும் பிழைக்கும். எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் குப்பைக்குத்தான். கிச்சன் அடிப்பெட்டிகளைக் கடப்பா அல்லது கிரானைட் தடுப்பாகவே கட்டிவிட்டு, கதவை மட்டும் பலகையில் போடுங்கள். வார்ட்ரோப்பைச் சுவரோடு கட்டாமல், கழற்றி எடுக்கிற மாதிரி, நாலங்குலக் கால் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வடிந்த பிறகு பின்பலகையைக் கழற்றிக் காற்றாட விட முடியும்.