ஹிமேஜியின் வெற்று மாடிகள்

அன்புள்ள ஐயா,

சென்ற ஏப்ரலில் ஒசாகாவில் வேலை பார்க்கும் மகனிடம் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஒசாகாக் கோட்டையைத் தொலைவிலிருந்து பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைந்தால் மின்தூக்கி, கண்ணாடிப் பேழைகள், சிமெண்டுச் சுவர்கள். அது 1931-இல் கட்டியது என்று மகன் சொன்னபோது ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தேன். நவம்பரில் மீண்டும் செல்கிறேன். ஹிமேஜிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். போய்வந்த உறவினரோ, “உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் படிக்கட்டுதான்; அதையும் இப்போதுதான் புதுப்பித்திருக்கிறார்கள்” என்கிறார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் போவது தகுமா?

சிவகாமி,
திருச்சி

அன்புள்ள சிவகாமி அவர்களுக்கு,

அவசியம் போய்வாருங்கள். ஆனால் அதற்கு முன் ஒசாகாவுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1583-இல், அன்று ஜப்பானைத் தன் ஆட்சியில் ஒன்றிணைத்துவந்த ஹிதேயோஷி கட்டத் தொடங்கிய கோட்டை 1615-ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. தொகுகாவா ஆட்சியாளர்கள் எழுப்பிய இரண்டாவது கோபுரம் 1665-இல் இடிவிழுந்து எரிந்தது. அதன்பின் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கோபுரமே இல்லை. நீங்கள் பார்த்தது நகரமக்கள் நன்கொடை திரட்டி எழுப்பியது. இன்று அதுவே பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு பெற்றிருக்கிறது. மேலும், மின்தூக்கியை அடைவதற்கு முன் நீங்கள் கடந்துசென்ற கற்சுவர்கள் தொகுகாவா காலத்தவை, அசலானவை. சகுரா வாயிலுக்கு உட்புறம் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒற்றைக்கல் ஒன்று சுவராகவே நிற்கிறது. நவம்பரில் அதன் முன் சற்று நேரம் நில்லுங்கள்.

நவீன காலத்துக்கு முந்தைய தலைமைக் கோபுரம் அப்படியே எஞ்சியிருக்கும் கோட்டைகள் ஜப்பான் முழுவதிலும் பன்னிரண்டுதான். 1615-இல் ஒரு மாகாணத்துக்கு ஒரு கோட்டை போதும் என்று ஷோகுன் அரசு, அதாவது தொகுகாவாக்களின் ராணுவ அரசு, ஆணையிட்டது. 1873-இல், ஷோகுன் ஆட்சிக்குப்பின் வந்த மெய்ஜி பேரரசரின் அரசு, தனக்குத் தேவையற்ற கோட்டைகளைக் கைவிட்டது. நகோயா, ஹிரோஷிமா கோபுரங்களை 1945-ஆம் ஆண்டுக் குண்டுகள் கொண்டுபோயின. ஹிமேஜியும் மயிரிழையில்தான் தப்பியது. மெய்ஜி காலத் தொடக்கத்தில் அது 23 யென் 50 சென்னுக்கு ஏலம் போனதாகச் சொல்வார்கள். சிதிலமடைந்து கிடந்த அதைக் காக்க வேண்டும் என்று 1878-இல் மேலிடத்துக்கு மன்றாடி எழுதிய நகமுரா ஷிகெதோ என்ற ராணுவ அதிகாரிக்குக் கோட்டைக்குள் ஒரு நினைவுக்கல் உண்டு. 1945 ஜூலை 3-ஆம் தேதி இரவு நகரம் எரிந்து சாம்பலானபோது, கோபுரத்தின் உச்சிமாடியில் விழுந்த தீக்குண்டு வெடிக்காமல் போயிற்று.

இனி உங்கள் உறவினர் சொன்னதற்கு வருகிறேன். உள்ளே ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கோபுரம் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. கோட்டைத்தலைவர் கீழே இருந்த அரண்மனையில் வாழ்ந்தார், அது இன்றில்லை. இகெதா தெருமசா என்ற கோட்டைத்தலைவர் 1601-இல் தொடங்கி 1609-இல் முடித்த இந்தக் கோபுரம் படைக்கலங்களை வைப்பதற்கும், எல்லாம் கைவிட்டுப்போனால் கடைசியாக நின்று போரிடுவதற்கும் உரிய இடம். அப்படியொரு முற்றுகை அதற்கு நேரவே இல்லை. சுவர் நெடுக வரிசையாகத் துருத்தி நிற்கும் மரமுளைகளைப் பாருங்கள். ஈட்டியும் துப்பாக்கியும் மாட்டியவை அவை. மூலைகளில் தரையோரமாகத் திறக்கும் பொறிகள், ஏறிவருபவன்மேல் கல் போடுவதற்கானவை. இத்தனையையும் பார்க்க அறை வெறுமையாக இருந்தால்தான் முடியும். பேழைகளை அடுக்கியிருந்தால் நாம் பேழைகளைத்தான் பார்த்திருப்போம்.

புதுப்பித்தது என்பதும் உண்மையே. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். கோபுரத்தைத் தாங்குபவை கிழக்கிலும் மேற்கிலுமாக அடித்தளத்திலிருந்து உச்சிமாடியின் தரைவரை செல்லும் இரண்டு பெருந்தூண்கள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மீட்டர் உயரம், அடிப்பகுதியில் ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான விட்டம். கோபுரம் கட்டியதிலிருந்தே தன் எடை தாளாமல் மெல்ல அமிழ்ந்து தென்கிழக்காகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஆகவே 1956 முதல் 1964 வரை அதை முழுவதுமாகப் பிரித்து, கீழே கான்கிரீட் அடித்தளம் இட்டு, மீண்டும் பூட்டினார்கள். ஆம், ஹிமேஜியின் அடியிலும் கான்கிரீட் இருக்கிறது. கிழக்குத்தூணில் உளுத்த அடிப்பகுதியை மட்டும் மாற்றினார்கள். மேற்குத்தூண் மொத்தமும் பழுதாகியிருந்தது. புதிய தூணுக்காகக் கிசோ காட்டில் வெட்டிய ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரம் கொண்டுவரும் வழியில் முறிந்துவிட்டதால், இரண்டு மரங்களை மூன்றாம் மாடி உயரத்தில் இணைத்து ஒரே தூணாக நிறுத்தினார்கள். நான் சென்றிருந்தபோது அந்த இணைப்பின் அருகே வெகுநேரம் நின்றேன். ஒரு மரத்தின் வாய் இன்னொன்றின் வாயைக் கவ்வியிருக்கும் கோடு கண்ணுக்குத் தெரியும். கையை வைத்தால் குளிர்ந்த, வழவழப்பான மரம். மரத்தால் கட்டியதை எக்காலத்துக்கும் அப்படியே விட்டுவைக்க முடியாது என்பதை அறிந்தவர்கள் பிரித்து, பார்த்து, நலமாக இருப்பதைத் தொடாமல், கெட்டதை மட்டும் மாற்றிக்கொண்டே வருகிறார்கள். அந்தக் கைகளின் தொடர்ச்சி அறுபடாமல் இருப்பதால் ஹிமேஜியை நான் பழையது என்றே சொல்வேன்.

கோபுரத்தின் வெண்மையும் அவ்வாறானதே. சுண்ணாம்பு, சிப்பிச் சாம்பல், சணல்நார், கடற்பாசிப் பசை ஆகியவற்றைக் குழைத்த சாந்தை மரத்தின்மேல் கனமாகப் பூசியிருக்கிறார்கள். முதல் நோக்கம் தீயிலிருந்து காப்பது. சுவரோடு நிற்காமல், கூரை ஓடுகளின் இணைப்புகள்தோறும் அதையே பூசியிருப்பதால், கீழிருந்து பார்க்கையில் சாம்பல்நிறக் கூரையும் வெளுத்துத் தெரிகிறது. 2009-இல் தொடங்கிய சீரமைப்புக்குப்பின் 2015 மார்ச்சில் கோபுரம் மீண்டும் திறந்தபோது, ‘வெண்கொக்குக் கோட்டை’ என்ற அதன் பெயரைச் சற்றே திரித்து, ‘மிகவும் வெளுத்த கோட்டை’ என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்தார்கள். பூஞ்சை படிந்து அது மெல்ல மெல்லக் கருத்துவருகிறது. மறுபடியும் ஒருநாள் பூசத்தான் போகிறார்கள்.

முழங்காலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரம், நிலையத்திலிருந்து நேர்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர், இவை சிரமமில்லை. ஆனால் கோட்டைக்குள் கோபுரம் கைக்கெட்டும் தொலைவில் தெரிந்தாலும் பாதை சுற்றிச்சுற்றியே செல்லும். வழியிலுள்ள ‘ஹா’ என்ற எழுத்தால் பெயரிட்ட வாயிலைத் தாண்டியதும் கோபுரத்துக்கே முதுகைக் காட்டி நடக்க வைப்பார்கள். பகைவனைக் குழப்புவதற்கான ஏற்பாடு அது. கோபுரத்துக்குள் படிகள் ஏறத்தாழ ஏணிகள்தான். ஆறாம் மாடியில் ஒசகபே தெய்வத்தின் சிறு கோவிலும் நகரத்தின் காட்சியும் இருக்கின்றன. அவற்றுக்காக உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். மூன்றாம் மாடிவரை ஏறினால் தூணின் இணைப்பைப் பார்த்துவிடலாம். அதுவும் இயலாதென்றால், மேற்கு வளாகத்தின் நீண்ட நடைக்கூடத்தில் நடந்துவாருங்கள். ஒசாகாக் கோட்டை வீழ்ந்தபோது உயிர்தப்பிய, ஹிதேயோஷியின் மருமகள் சென்ஹிமே, மறுமணமாகி வந்து வாழ்ந்த கோட்டை இது. அவர் ஒப்பனை செய்துகொண்டதாகச் சொல்லப்படும் அறை அந்தக் கூடத்தின் கோடியில்தான் இருக்கிறது.

காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மகனை உடன் அழைத்துச் சென்று அந்தப் பையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். படியேற இரண்டு கைகளும் வேண்டும். தடித்த காலுறையும் எடுத்துச் செல்லுங்கள், நவம்பரில் அந்த மரத்தரை உள்ளங்காலைச் சில்லிட வைக்கும்.