சதைக்குள் வாயு கட்டிய கால் அழுகல்: அப்பாவுக்கு மயக்க மருந்து தாங்குமா?

சர்க்கரைக்காரரான அப்பாவுக்குக் கால் அழுகி உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு ஹை ரிஸ்க் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள், இரண்டு நாள் உடம்பைத் தேற்றிவிட்டுச் செய்யலாமா என்கிறீர்கள். தள்ளாதீர்கள். அழுகின சதை உள்ளே இருக்கும்வரை உடம்பு தேறாது. நான் அவரைப் பார்க்கவில்லை, அங்குள்ள டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் மயக்க மருந்து டாக்டர். மாவட்ட மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது, கருவேல முள் குத்திய காலோடு ஒரு விவசாயி வந்தார். கெண்டைக்காலை விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் வாயு நறநறவென்றது. பிபி 80-ஐத் தாண்டவில்லை. மச்சான்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "முழு மயக்கம் வேணாம் சார், முதுகுல ஊசி போட்டுச் செஞ்சிடுங்க." மற்ற நாளில் சரிதான். அன்று முதுகில் போட்டிருந்தால் இருந்த பிபியும் இறங்கியிருக்கும். ரத்தம் உறைவது வேறு கெட்டுப்போயிருந்தது, தண்டுவடத்துப் பக்கம் கசிந்து கட்டிக்கொண்டால் இன்னொரு வினை.

முழு மயக்கத்திலும் வழக்கமான மருந்துகள் சில ஆகாது. நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு ரத்தத்தில் நைட்ரஜனைவிட 30 மடங்குக்கு மேல் கரையும். வாயு அடைபட்ட இடத்தில் புகுந்து அதை மேலும் உப்பவைக்கும். தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் போட்டால், செத்துக்கொண்டிருக்கும் தசையிலிருந்து பொட்டாசியம் கொட்டி இதயமே நின்றுபோகலாம். அதனால் பிபியை ஏற்றும் நார்அட்ரினலினை முதலிலேயே ஓடவிட்டு, மயக்கத்துக்குக் கெட்டமின் கொஞ்சமாகக் கொடுத்து, தசை தளர ரோகுரோனியம் போட்டு மூச்சுக்குக் குழாய் இறக்கினேன். கெட்டமினுக்குப் பதில் எடோமிடேட் கொடுத்திருக்கலாமே என்று கமெண்டில் வரப்போகிறவர்களே, நீங்கள் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. அன்று எங்கள் அலமாரியில் இருந்தது கெட்டமின்தான்.

தொடைவரை கால் போனது, ஆள் பிழைத்தார். சர்ஜனுக்கு வாழைத்தாரும் சால்வையும் வந்தன. என்னை "ஊசி போட்டவரா?" என்று கேட்டார்கள். போகட்டும். செத்திருந்தால் மட்டும் மயக்க ஊசியால் செத்தார் என்று ஊரே சொல்லியிருக்கும். பிரசவத்துக்குப் போட்ட ஊசியால்தான் இன்னும் இடுப்பு வலிக்கிறது என்று என் சொந்த அத்தையே கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்கிறார், அதற்கு ஒருநாள் தனியாகவே பதில் எழுத வேண்டும்.

அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறையாமல் இருக்க ஏதும் எடுக்கிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு தடவை வெட்டியதோடு முடியாது, மறுநாளும் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். ரத்தம் கொடுக்க ஆட்களை இப்போதே சொல்லிவையுங்கள்.